திரை காட்டும் சுவையும் ஆற்றுப்படை உணர்த்தும் சுவையும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது உற்றறிதல், நா, மூக்கு, கண், செவி என்னும் வரிசையைக் கொள்கிறது. இன்றைய உணவுச் சுற்றுலாவை வழிநடத்தும் திறன்பேசி, இவ்வரிசையின் இறுதி இரண்டு புலன்களுக்கு உரியவற்றையே கடத்தவல்லது. உண்ணுதலுக்கு அடிப்படையான முதல் மூன்றும் திரைக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. இவ்விடைவெளி பயணியின் உணவுத் தேர்வையே மாற்றக்கூடியது.

மதுரையின் இரவுக் கடைகளைச் சான்றாகக் கொள்ளலாம். கொத்துப் புரோட்டாவின்போது கல்லில் எழும் ஓசையும் ஆவியும் காணொலிக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. இட்லியின் மென்மையையும் மாவின் புளிப்புப் பதத்தையும் விரலும் நாவுமே அறியும். காணொலியை மட்டும் நம்பி வரும் பயணிக்கு முன்னது விருந்தாகிறது. பின்னது கவனத்திற்கு வராமலே போகக்கூடும்.

பரிசில் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்தும் ஆற்றுப்படை, உணவுவழிப் பயண இலக்கியமாகவும் அமைகிறது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தில் சுட்ட மீனையும், வேலூரில் புளியிட்ட சூடான சோற்றையும், ஆமூரில் நண்டுக் கலவையுடன் வெண்சோற்றையும் கூறி உணவை நிலத்தோடு பிணைக்கிறது. பொருநராற்றுப்படையில் சுட்ட இறைச்சியின் வெம்மை தாளாத பொருநன் அதனை வாயில் இருபுறமும் மாறிமாறி ஒதுக்குகிறான். ஊன் தின்று தின்று அவன் பற்கள் உழுத கொழுவென மழுங்குகின்றன. உண்டவனின் உடலே இங்குச் சான்றாகிறது.

ஆற்றுப்படையும் புரவலரைப் புகழும் இலக்கியமே. அதனை நடுநிலை மதிப்புரையாகக் கொள்ளவியலாது என்னும் மறுப்பு ஏற்கத்தக்கது. ஆயினும் விருந்தின் தரத்தை மதிப்பெண்ணால் அளவாது புலனனுபவத்தால் உணர்த்தும் அதன் முறை இன்றும் பயனுடையது.

எண்ணிமக் கருவிகளை விலக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையற்ற சிறுகடையையும் வெளியூரார்க்குக் காட்டும் ஆற்றல் கூகுள் வரைபடத்திற்கு உண்டு. குறை பெரிதும் சொற்பயன்பாட்டில் உள்ளது. ‘செம’, ‘வேற லெவல்’ ஆகியன எவ்வுணவுக்கும் பொருந்துவதால் எதனையும் வேறுபடுத்துவதில்லை. பதம், குழைவு, காந்தல், கமறல், மொறுமொறுப்பு போன்ற சொற்களோ ஊறு, சுவை, நாற்றம் ஆகியவற்றை நுட்பமாகப் பிரித்துணர்த்துகின்றன. திரை கடத்தவியலாததைச் சொல் ஓரளவேனும் கடத்தும்.

எனவே, சமையற்கலைஞர்களிடமும் சிறுகடை நடத்துவோரிடமும் வழங்கும் சுவைச்சொற்களை வட்டாரந்தோறும் களஆய்வு செய்து, பொருள்விளக்கத்துடன் அகராதியாக்குதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவை முதியோரின் நாவில் வழங்கும்போதே தொகுக்கப்பெறுதல் வேண்டும்.