சோதனைக்குக் கிளம்புமுன்...

வலிப்பு என்ற வார்த்தையை எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "புள்ளைக்கு அது வருதாம்" என்று ஜாடையாகச் சொல்வார்கள். பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். "நாளைக்கு யாரு கட்டிக்கிட்டுப் போவாக?" என்ற பயத்திலேயே, மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதுமாகக் காலம் போய்விடும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்னும் நின்றபாடில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். பெயர் என்னவோ சாவிக்குத்தான்!

சின்னமனூரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு 11 வயது. இரண்டு முறை வலிப்பு வந்த பிறகு டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் பக்கம் முதலில் இழுத்தது?" என்பதுதான். தங்கை விழித்தாள். "விழுந்தா, கை கால் இழுத்துச்சு டாக்டர். பதறிப்போய் ஒண்ணும் பாக்கல" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் மாமியார்தான், "ரெண்டு தடவையும் வலது கைக் கட்டைவிரல் முதல்ல துடிச்சுச்சுய்யா, பெறகுதான் விழுந்தா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. வலது கையை ஆட்டுவிப்பது மூளையின் இடது பக்கம். ஈ.ஈ.ஜி. எடுத்ததில் எல்லாம் சரி என்றே வந்தது. "நார்மல்னு வந்துருச்சே, மாத்திரை எதுக்கு?" என்றாள் தங்கை. ஆனால் டாக்டர் பாட்டியின் வார்த்தையை விடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இடது பக்கத்தில் சிறு பொட்டு மாதிரி ஒரு கட்டி. நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் குஞ்சு மூளையில் தங்குவதால் வருவதாம். நம் நாட்டில் இது சகஜம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும்; அழுக்குத் தண்ணீரும், கழுவாத கீரை, காய்கறியும், கழுவாத கையும் போதும். மருந்தில் குணமாகக் கூடியதுதான் என்று கேட்டபிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

சகோதரிகளே, டாக்டர் வலிப்பைப் பார்ப்பதில்லை, பார்க்கிறவள் நீங்கள்தான். ஈ.ஈ.ஜி. எடுக்கும் அரைமணி, ஒரு மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் சோதனை 'நார்மல்' என்றுதான் வரும். அதனால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, தூக்கத்திலா, விழிப்பிலா, முதலில் துடித்தது எது, தலை, கண் எந்தப் பக்கம் திரும்பியது, கடிகாரப்படி எத்தனை நிமிடம், நாக்கைக் கடித்ததா, சிறுநீர் போனதா, தெளிய எவ்வளவு நேரம், அன்று காய்ச்சல், தூக்கக்குறைவு, மாத்திரை மறந்தது உண்டா என்று எழுதுங்கள். ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தால் இன்னும் நல்லது.

ஈ.ஈ.ஜி. என்றதும் 'கரண்ட் வைப்பார்கள்' என்று பயப்படுகிறோம். உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போகாது. மூளையில் இயல்பாக ஓடும் மெல்லிய மின்னோட்டத்தைத் தலையில் ஒட்டிய கம்பிகள் வழியே பதிவு செய்வதுதான் அது. 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் முதன்முதலில் மனிதரிடம் இதைப் பதிவு செய்தார். வலி இல்லை.

முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி நன்றாக அலசிவிடுங்கள். எண்ணெய், பூ, பின்னல் கூடாது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஊருக்குப் போகிறோமே என்று மகளுக்கு எண்ணெய் வைத்துப் படியப் பின்னிக் கூட்டிப்போய், சோதனை நடக்காமல் திரும்பி வந்தாள். வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய வழக்கமான சாப்பாடும் மாத்திரையும் உண்டு. தூங்கும்போது எடுக்கவேண்டும் என்றால், முந்தின இரவு குறைவாகத் தூங்கவிடச் சொல்வார்கள். அப்படியானால் கம்பத்திலிருந்து தேனி வரும் பஸ்ஸில் பிள்ளையைத் தூங்கவிடாமல் கதை பேசிக்கொண்டே வரவேண்டும்! நடுவில் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். விளக்கை மினுக்கிக் காட்டுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மிரளாது. எம்.ஆர்.ஐ.க்குத் தோடு, கொலுசு, ஊக்கு, ஹேர்பின் எல்லாம் கழற்றவேண்டும். மயக்கம் கொடுப்பதானால் எத்தனை மணி நேரம் பட்டினி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? நமக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால், வலிப்புக்கென்றே உள்ள மையத்தைக் கேளுங்கள். குமுளி மலையைத் தாண்டிப் போனால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108.

கல்யாணக் கவலைக்கும் ஒரு வார்த்தை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999-ல் எடுத்துவிட்டார்கள். வலிப்புள்ள பெண்கள் கட்டிக்கொண்டு, பெற்று, வளர்த்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் சில மாத்திரைகள், குறிப்பாக வால்புரோயேட், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரிடம் பேசவேண்டும். மறைத்து வைத்தால் அந்தப் பேச்சு எப்படி நடக்கும்?

என் தங்கை வீட்டில் நோட்டு இப்போது அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதுவது தங்கை, விவரம் சொல்வது மாமியார். கடைசிப் பதிவுக்குப் பிறகு ஏழு மாதமாகப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.