வெள்ளை நாயும் செவிட்டுக் காதும்

நம் சங்கத்து மலரில் போயும் போயும் நாயைப் பற்றி எழுதுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் விவாதங்களில் பாதி, ராஜபாளையம் நாய் உயர்ந்ததா, சிப்பிப்பாறை நாய் உயர்ந்ததா என்பதுதானே! தமிழன் வளர்த்த நாய் என்று மார்தட்டுவதில் நான் யாருக்கும் பின்வாங்கியவன் அல்லன். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ராஜபாளையம். பெருமைதான். ஆனால் பெருமைக்கு நடுவே ஒரு கேள்வி என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

என் தகப்பனார் போடியிலிருந்து பிழைப்புக்காக மலையேறியவர். பூப்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. நான் பள்ளியில் படித்த காலத்தில் என் மாமா சமவெளியிலிருந்து ஒரு வெள்ளைக்குட்டி வாங்கி வந்தார். பால் போன்ற வெள்ளை. ரோசாப்பூ நிறத்தில் மூக்கு. "அசல் சாதி நாய்" என்று சொல்லி விற்றவர், மாமாவின் ஒரு மாதக் கூலியை வாங்கிக்கொண்டார். மணி என்று பெயர் வைத்தோம். மணியைக் கூப்பிட்டால் வராது. சோற்றுத் தட்டைத் தட்டினாலும் வராது; தட்டைக் கண்டால்தான் ஓடி வரும். திமிர் பிடித்த நாய் என்று எல்லோரும் அடித்தோம். நானும் ஒருநாள் கல்லெடுத்து எறிந்தேன். ஒன்றரை வயதில், வளைவில் படுத்திருந்த அதன்மேல் தோட்டத்து ஜீப் ஏறிவிட்டது. ஓட்டுநர் மூன்று முறை ஹாரன் அடித்தாராம். மணிக்கு இரண்டு காதும் கேட்காது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

பிற்பாடு கல்லூரியில் பரம்பரை இயல் படித்தபோது விஷயம் விளங்கிற்று. நாயின் ரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் தருபவை நிறமி உயிரணுக்கள். கரு வளரும் காலத்தில் இவை முதுகுத் தண்டின் ஓரத்தில் தோன்றி, உடலெங்கும் நடந்து சென்று குடியேறுகின்றன. அப்படிக் குடியேறும் இடங்களில் ஒன்று உட்செவி. அங்கே அவற்றுக்கு நிறம் பூசும் வேலை இல்லை; காதின் ஒலியுணரும் பகுதியை உயிரோடு வைத்திருக்கும் வேலை உண்டு. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அந்தப் பகுதி வாடிப் போகும். பிறகு எந்த வைத்தியத்தாலும் செவி திரும்பாது.

ஆகவே வெள்ளை என்பதெல்லாம் ஒன்றல்ல. சைபீரியப் பனியில் பிறந்த சமோயெட் நாயும் வெள்ளைதான். ஆனால் அதன் மூக்கு கறுப்பு. நிறமி உயிரணுக்கள் அங்கே இருக்கின்றன. ரோமத்தில் மட்டும் நிறம் வெளுத்திருக்கிறது. அதற்குக் காது கேட்கும். மூக்கும் உதடும் இமையும் சிவந்திருந்தால், உயிரணுக்களே அங்கு வந்து சேரவில்லை என்று பொருள். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அறிந்த சங்கதியே. அப்படியிருக்க, எந்த அடையாளத்தைக் கண்டு அஞ்ச வேண்டுமோ, அதே சிவந்த மூக்கைத்தான் அசலுக்கு அத்தாட்சி என்று தேடித் தேடி விலை கொடுக்கிறோம்!

போன விடுமுறையில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தோப்பில் ஒரு பெரியவர் ராஜபாளையம் வளர்க்கிறார். ஏழு குட்டிகள்; இரண்டுக்கு உடம்பில் பழுப்புத் திட்டு.

"இதுக ரெண்டும் கழிவு தம்பி. அந்தக் காலத்துலன்னா பொறந்த அன்னிக்கே தண்ணித் தொட்டியில போட்டிருப்போம்" என்றார்.

"ஐயா, அதுகளுக்குக் காது கேட்குதா?" என்றேன்.

"கேட்குது, கேட்குது. சாதி கெட்டதுக்குத்தான் காதெல்லாம் நல்லாக் கேட்கும்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது முழு உண்மை. மேடையில் ஏறினால் சாதி ஒழிக என்று முழங்கும் நாம், நாய் வாங்கப் போனால் முதலில் கேட்பது "சாதி நாயா?" என்றுதானே!

மேல்நாட்டாரும் இதில் யோக்கியர்கள் அல்லர். டால்மேஷன் என்ற புள்ளி நாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகவே பிறக்கும், இரண்டு வாரத்தில் புள்ளி தெரியத் தொடங்கும். அமெரிக்காவில் சோதித்ததில் நூற்றுக்குச் சுமார் 30 நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. ஆனால் கண்காட்சியில் அந்தத் திட்டுக் குட்டிகளுக்கு இடமில்லை! கொழிஞ்சாம்பாறைப் பெரியவரின் தண்ணீர்த் தொட்டியைப் போலத்தான் இதுவும்.

இன்னொரு மோகம் இப்பொழுது நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. மெர்ல் என்று சொல்லும், மேகம் சிதறியது போன்ற சாம்பல் திட்டு நாய்கள். 2006-இல் டெக்ஸாஸில் ஆராய்ந்தவர்கள் இதற்குரிய ஜீனைக் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தால் அழகான திட்டு. இரண்டு பக்கமிருந்தும் வந்தால் பெரும்பாலும் வெள்ளைக்குட்டி. பலவற்றுக்குச் செவிடு, சிலவற்றுக்குக் குருடும் சேரும். இரண்டு மெர்ல்களை இணை சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இந்தக் கதி என்பது மெண்டல் பட்டாணிச் செடியில் போட்ட கணக்கேதான். தெரிந்தே இப்படிச் சேர்ப்பவனை வளர்ப்பவன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

திட்டு நாயைச் சேர்த்தால் இனம் கெட்டுப் போகுமே என்பார்கள். டால்மேஷனுக்குச் சிறுநீரில் கல் விழும் பரம்பரைக் கோளாறும் உண்டு. அந்த இனம் முழுவதிலும் அது பரவியிருந்தது. ராபர்ட் ஷெய்பிள் என்ற பரம்பரை இயல் அறிஞர் 1973-இல் ஒரு பாயின்டர் நாயை ஒரே ஒரு முறை கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்தார். புள்ளியும் நின்றது, கோளாறும் போயிற்று. ஆனால் அமெரிக்கக் கென்னல் கழகம் அவற்றை முழு மனதோடு ஏற்க 2011 ஆயிற்று. கௌரவம் படுத்தும் பாடு! நமக்கோ அந்நிய இரத்தம்கூட வேண்டியதில்லை. நம் ராஜபாளையத்தின் வயிற்றிலேயே பிறக்கும் திட்டுக் குட்டிகளை ஒதுக்காமல், காது கேட்கும் வெள்ளை நாய்களோடு சேர்த்தால் போதும். சேர்க்கும் முன் இரண்டின் காதையும் மின்கருவியால் சோதிக்க வேண்டும். ஏனெனில் ஒற்றைச் செவிடு வீட்டில் கைதட்டிப் பார்த்தால் தெரியாது. அது நல்ல நாயாகவே நடமாடி, செவிட்டுக் குட்டிகளையும் போடும்.

நம் மலையடிவாரத்துக் கோம்பை நாயைச் சொல்லாமல் விட மனமில்லை. செவலை உடம்பு, கறுத்த வாய். ஏலக்காட்டில் காவலுக்கு அதைத்தான் கொண்டு வருவார்கள். என் தாத்தா காலத்தில் கோம்பை நாய் வாங்கப் போனவர், அதன் தாய் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்றதா என்றுதான் கேட்பாராம். இன்று செவலையாக ஒன்றைக் கண்டால் போதும், கோம்பை என்று பெயர் சூட்டிச் சந்தையில் நிறுத்திவிடுகிறார்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. எட்டு வாரம் என்றால் காதைச் சோதிக்கத் தாராளமான நேரம். நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குப் போய் நாய் வாங்குபவர்கள் நம்மில் பலர். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தாய் தந்தையின் காதைப் பற்றிக் கேளுங்கள். மூக்கின் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

அந்தப் பெரியவரிடம் திட்டுக் குட்டிகளில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கழிவுக்கு என்ன காசு என்றார். இப்பொழுது பூப்பாறையில் அம்மாவோடு இருக்கிறது. கீழ் வளைவில் ஜீப் திரும்புவதற்கு முன்பே எழுந்து நின்று குரைக்கிறதாம்.