சீனித்துளசியும் சிறுநீரகமும்

சீனித்துளசி என்பதாக ஓர் இலைப்பொடி இன்று சர்க்கரை வியாதிக்காரர்களிடம் வெகு மும்முரமாக விற்கப்பட்டு வருகிறது. அது இனிப்பது மாத்திரமல்லாமல், சர்க்கரை வியாதியைத் தீர்த்துச் சிறுநீரகத்தையும் கழுவிச் சுத்தம் செய்துவிடும் என்றும் சொல்லப்படுகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் துளசி வாங்கிப் பழகிய காஞ்சிபுரத்தில், பேரில் துளசி என்றிருந்தால் போதாதா? அப்புறம் கேள்வி கேட்பவர் யார்?

ஆனால், இது துளசி ஜாதியே அல்ல. பராகுவே தேசத்துச் செடி. சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. அங்குள்ள குவாரனி மக்கள் இனிப்புக்காக உபயோகித்து வந்த இலை. இதில் பெருமாளுக்கு என்ன வேலை?

சரி, வயிற்றுக்குள் போனால் நடப்பதென்ன? இதன் இனிப்புப் பொருளை நமது குடல் அப்படியே உறிஞ்சுவதில்லை. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. மிஞ்சும் ஸ்டீவியால் என்னும் பொருள் ரத்தத்தில் சேருகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிவிடச் சிறுநீரகம் மூத்திரத்தில் வெளியே தள்ளுகிறது. ஆகவே இலை சிறுநீரகத்தைக் கழுவவில்லை. சிறுநீரகந்தான் இலையின் கழிவைக் கழுவுகிறது!

சர்க்கரைக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்வதை நாம் குறை கூறவில்லை. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது என்பதும் உண்மையே. சுத்தம் செய்த சாரத்தை, ஸ்டீவியால் கணக்கில், உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வரை தினமும் சாப்பிடலாம் என்று சர்வதேச நிபுணர் குழு 2008-இல் வகுத்தது. இந்தியாவிலும் 2015-இல் அனுமதி கிடைத்தது. ஆனால், இனிப்புக்குக் கொடுத்த அனுமதியை மருந்துக்குக் கொடுத்ததாகக் காட்டுவது பித்தலாட்டமல்லாமல் வேறென்ன?

இந்தப் பித்தலாட்டத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவன் கதி என்ன? ஏறிய சர்க்கரை சிறுநீரகத்தின் வடிகட்டிகளை வலியின்றி, சத்தமின்றி அரிக்கும். கால் வீங்கித் தறிக்குழியில் இறங்க முடியாமற்போகும் நாளில் இலை விற்றவன் வந்து பதில் சொல்வானா?

நெசவாளத் தோழர்களே! சரிகையை உரசி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்காமல் நீங்கள் நம்புவதில்லை. உங்கள் சிறுநீரக விஷயத்தில் மாத்திரம் உரசிப் பார்க்க வேண்டாமா? அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ரத்தத்தில் சர்க்கரையும் கிரியாட்டினினும், மூத்திரத்தில் புரதமும் எவ்வளவு என்று சோதித்துக் கொள்ளுங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் விடாதீர்கள். துளசி என்ற பேருக்காக உயிரைக் கொடுப்பது பக்தியுமல்ல, வைத்தியமுமல்ல, வெறும் முட்டாள்தனமேயாகும்.