எந்த மாதம் போவது நல்லது?



இந்த வாரமும் இரண்டு பேர் இன்பொக்ஸில் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். "குளிர் நாட்டுக்குப் போவதென்றால் எந்த மாதம் நல்லது?" எங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்வியியற் கல்லூரியில் எங்கள் பெச்சில் இருந்த பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அதோடு, லக்கலயில் வேலை செய்கிறவர்களுக்குக் குளிர் பழக்கம் என்று ஒரு நினைப்பும் இருக்கிறது.

ரிவர்ஸ்டன் காற்றில் குடை தலைகீழாகப் புரண்டதை வைத்துக் கனடாவைக் கணக்குப் போடாதீர்கள். டொரொண்டோவில் ஜனவரி மாதச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே 4 பாகை அளவில் இருக்கும். வின்னிபெக்கில் கீழே 16. எங்கள் மலைக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அங்கே அது உள்ளாடை மாதிரித்தான்.

எங்கள் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகுட்டியோடு கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் போய் இறங்குங்கள். அங்கே பாடசாலை வருடம் செப்டெம்பரில்தான் தொடங்குகிறது. வீடு தேட, பிள்ளையைப் பாடசாலையில் பதிய, பஸ் பாதை பழக இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். குளிரும் ஒக்டோபரிலிருந்து படிப்படியாக வரும், உடம்பு பழகிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ். அங்கே ஜூன்தான் குளிர்காலம், பாடசாலை தொடங்குவது ஜனவரிக் கடைசியில். அவர்கள் டிசம்பரில் போகலாம்.

ஏஜென்ஸிக்காரர் இதைச் சொல்லமாட்டார். விசா வந்த கையோடு ஏறச் சொல்வார், ஜனவரியில் டிக்கட் மலிவு என்பார். எங்கள் பெச் தாத்தா ஒருவர் அப்படித்தான் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஜனவரியில் போய் இறங்கினார். பனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு தேடி அலைந்ததில் டிக்கட்டில் மிஞ்சிய காசு டாக்ஸிக்கே போய்விட்டது. முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததோடு சரி.

ஆனால் அவர் போனில் அழுதது குளிருக்காக இல்லை, இருட்டுக்காக. இதை நாங்கள் யாருமே யோசிப்பதில்லை. எங்கள் நாட்டில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. பின்னேரம் நாலு மணிக்கு முன்பே மஃரிப். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள் வந்து விழும். ஜூனில் போனால் இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையில் தூங்க நேரம் தேட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே தொழுகை நேரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

வெயில் குறைந்தால் விட்டமின் டி குறையும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதை எல்லோரும் யோசிக்கும்படி இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை சொல்கிறது. எங்களைப் போன்ற தோல் நிறம் உள்ளவர்களுக்கும், உடம்பை மூடி உடுத்துகிறவர்களுக்கும் அது வருடம் முழுக்கத் தேவைப்படலாம். ஹிஜாப் அணியும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ரமழான் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. இனி வரும் சில வருடங்களுக்கு அது அங்கே குளிர்காலத்தில் வரும், நோன்பு சின்னது. 2030ல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் இன்னொன்றுமாக இரண்டு ரமழான் தொடங்கும். அல்ஹம்துலில்லாஹ், புதிதாகப் போகிறவர்களுக்கு அது இலேசு.

மாதம் பார்த்துப் போவதே ஒரு நிஃமத் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள்தான் காப்பாற்றினார்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அவர்களிடம் எந்தப் பருவம் வசதி என்று யாரும் கேட்கவில்லை.

இனி, கேட்கப்படாத கேள்விக்கு வருகிறோம். போகிற நாட்டின் பருவத்தைப் பார்க்கிறோமே, விட்டுப் போகிற வகுப்பின் பருவத்தைப் பார்க்கிறோமா?

2022ல் அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அனுமதி வந்தது. அந்த வருட விலைவாசியில் போனவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். வீட்டு அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் ஒரு கணித ஆசிரியர் நடுத் தவணையில் போனால் அவரிடத்துக்கு இன்னொருவர் வர எத்தனை மாதமாகும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் "சேர் எப்ப வருவார்?" என்று ஒரு தவணை முழுக்கக் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டபோது இருந்த வலியைவிட, கேட்காமல் விட்டபோது கூடுதலாக வலித்தது. டவுன் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. லக்கலப் பிள்ளைக்கு நாங்கள் மட்டும்தான்.

விசாத் திகதி எங்கள் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் விண்ணப்பம் போட்ட அன்றே அதிபரிடம் சொல்வது எங்கள் கையில்தான் இருக்கிறது. நோட்ஸையும் வினாத்தாள்களையும் மற்ற ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போவதும், பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போவதும் எங்கள் கையில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண தரப் பரீட்சை 2023லும் 2024லும் மே மாதத்தில் தொடங்கியது, 2025ல் மார்ச்சில். பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுப் புறப்பட்டாலும் ஜூனில் போய் இறங்கலாம். உங்கள் பிள்ளைக்கு நல்ல மாதம், உங்களிடம் படித்த பிள்ளைக்கும் நல்ல மாதமாகவே அமையும்.

போகிறவர்களின் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கட்டும். இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு துஆ செய்யுங்கள்.