கோடிக்கரைச் சேற்றின் செல்வம்

வேதாரணியத்துக்குத் தெற்கேயுள்ள கோடிக்கரைக்குக் குளிர்காலத்தில் யாத்திரை போகிறவர்களிற் பெரும்பாலோர் வெளிமானைக் கண்டு, பூநாரைக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து படம் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். 1967-ம் வருஷம் சரணாலயமாக்கப்பட்டு, 2002-ல் ராம்ஸார் உடன்படிக்கைப்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற அவ்விடத்தின் உண்மைச் செல்வம், எவரும் திரும்பிப் பாராத சேற்றிலும் புதரிலும் இருக்கிறது.

கொசு உள்ளான் என்றொரு சிறு பக்ஷி உண்டு. எடை ஏறக்குறைய 30 கிராம். வடதுருவத்தை அடுத்த பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான மைல் கடந்து இச்சேற்றுக்கு வருகிறது. எதற்காக? சேற்றிலுள்ள புழுவுக்காகவும், ஈக்களின் முட்டைப்புழுவுக்காகவும்தான். பூச்சியில்லையேல் உள்ளானில்லை, தட்டானில்லையேல் அதைப் பிடித்துண்ணும் பஞ்சுருட்டானும் இல்லை. அத்தட்டான்தான் லேசானதா? அக்டோபர் மாதத்தில் மாலத்தீவுகளில் கூட்டங்கூட்டமாகக் காணப்படும் ஒரு வகைத் தட்டான், இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை செல்வதாக 2009-ல் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். இவற்றைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் வாய் பேசாமல் நின்றாற் போதும். நம்மவர்க்கு அதுவே கஷ்டம்!

நிற்க. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் நெடுங்காலமாக அங்கே பக்ஷிகளைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விட்டு வருகிறார்கள். உள்ளான் இனங்கள் முன்போல் வருவதில்லை என்பது அவர்கள் கண்ட விஷயம். காரணம் ரகசியமன்று. காவிரியின் கடைமடையிலிருந்து சதுப்புக்கு வந்த நன்னீர் குறைந்தது. பெரிய உப்பளங்கள் பரந்தன. உவர்ப்பு மிஞ்சியதும் புழுக்கள் மாய்ந்தன. காட்டிற்குள்ளோ சீமைக் கருவேலம் நுழைந்து பழைய புல்வெளியை விழுங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் வேறு.

உப்புத் தொழிலுக்கு நாம் விரோதிகளல்ல. 1930 ஏப்ரலில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் ஏழையின் உரிமைக்காக உப்பெடுத்தது இவ்வட்டாரத்திலேதான். சிறு உப்பளக்காரர் பிழைப்பு வேறு, சதுப்பு முழுவதையும் பாத்தியாக்கும் பேராசை வேறு. பயிர் விளையாத நிலமெல்லாம் தரிசே என்னும் மனப்பான்மை நமது காரியாலயங்களை விட்டு இன்னும் அகலவில்லை.

1972-ம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் போதிய வலிமையுள்ளதே. ஆயினும் நேரிற் கண்ட சாட்சியிருந்தால் வழக்கு வலுப்பெறும். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஜனவரிதோறும் தொண்டர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். நாகப்பட்டினம் ஜில்லாவின் ஒவ்வொரு உயர்தரப் பாடசாலையும் ஓர் ஆசிரியரையும் பத்து மாணவரையும் அதற்கு அனுப்பலாகாதா? பக்ஷியோடு தட்டானையும் வண்ணாத்திப்பூச்சியையும் அவர்கள் குறித்து வைக்கட்டும். மழைக்கால வெள்ளத்தில் ஒரு பங்கைச் சதுப்புக்குத் திருப்பிவிடும் பொறுப்பு ஸர்க்காருடையது. எந்த வாய்க்கால் வழியாக, எவ்வளவு நீர், எப்போது விடப்படும் என்பதை அடுத்த பருவமழைக்கு முன் அவர்கள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.