முயலுக்கு இருக்கிற பாதுகாப்பு நெட்டுக்குப்பத்துக்கு?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த கையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய். படகு, வலை, அலையாத்தி மரம்... எல்லாம் கறுப்பு. நெட்டுக்குப்பம் போன்ற குப்பங்களின் மீனவர்கள் அதை பக்கெட்டில் அள்ளினார்கள். பலர் வெறுங்கையால்! அப்புறம் தோல் அரிக்கிறது, எரிகிறது என்றார்கள்.

அந்த எண்ணெய் தோலை என்ன செய்யும் என்பதற்கு முதல் சோதனைக்கூடம் அவர்கள் கைகள்தான்.

இத்தனைக்கும் இதைச் சோதிக்க மனிதக் கையே தேவையில்லை. 1975-லேயே அமெரிக்காவில் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் பெருக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1983-ல் உடம்பெல்லாம் தீக்காயம் பட்ட இரண்டு சிறுவர்களுக்கு, அவர்களுடைய செல்லிலிருந்தே தோல் வளர்த்து ஒட்டி உயிரைக் காப்பாற்றினார்கள்.

இன்று ஆய்வகத்தில் வளர்த்த தோல் சோதனைக்கும் பயன்படுகிறது. பொருளைத் தோல்மேல் தடவி, கழுவி, ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று ஒரு சாயத்தை வைத்துப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் தேறவில்லை என்றால் அது தோலை எரிக்கிற பொருள். 2010-லிருந்து இதற்கு சர்வதேச விதிமுறையே இருக்கிறது (ஓஇசிடி 439). பல வருடம் கழித்து வரும் கேட்டை இது சொல்லாது, உண்மைதான். ஆனால் உடனே வரும் எரிச்சலைச் சொல்லிவிடும்.

அழகுப் பொருட்களை விலங்குகள்மேல் சோதிக்க இந்தியாவில் 2014-லேயே தடை வந்துவிட்டது. முயலின் தோலுக்குச் சட்டம் இருக்கிறது, ரொம்ப நல்ல விஷயம். மீனவர் தோலுக்கு?

"கையுறை கொடுத்தால் போதாதா, ஆய்வகம் எதற்கு?" என்று கேட்கலாம். கையுறைதான் முதலில் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் நஷ்டஈடு என்று வரும்போது "அரிப்பு எண்ணெயால்தான் வந்தது என்று என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வரும். வலை நாசமானதைக் காட்டலாம், பிடிபடாத மீனுக்குக் கணக்குப் போடலாம். தோலுக்கு ரசீது கிடையாது. அந்த ரசீதை ஒரு சோதனை தரும்.

சென்னைக்கு இதெல்லாம் எட்டாத விஷயமும் இல்லை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-55-ல் உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து! அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இருக்கிறது. அறிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது. எண்ணூர் வரைக்கும்தான் வரவில்லை.

கசிவு நடந்த அன்றே மாதிரி எடுத்து, ஆய்வகத் தோலில் சோதித்து, முடிவைக் குப்பத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். செலவு? கசியவிட்டவர் கணக்கில் எழுதட்டும். இதுவரை அந்தச் செலவு நெட்டுக்குப்பத்தின் கைகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.