கழுத்துக் கறுப்பு ஊத்தையல்ல



போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒன்று கழுத்தில் காயத்தோடு வந்தது. "ஸ்கார்ப் பட்டா எரியுது டீச்சர்" என்று அழுதது. கழுத்துக் கறுப்புப் போக தேசிக்காயும் சீனியும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அதற்கு முன் ஒரு கிரீம். பெயரில்லாத வெள்ளை டப்பா, வட்ஸ்அப்பில் ஓடர் பண்ணியது. வாங்கிக் கொடுத்ததே உம்மாதான். சாச்சிட மகள்ட கலியாணம் வருதாம், ஆக்கள் பார்ப்பாங்களாம்.

உம்மாமாரே, அது ஊத்தையல்ல. கழுத்து மடிப்பிலும் கமுக்கட்டிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரிக் கறுப்பதை டொக்டர்மார் அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்பார்கள். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வருவது. சீனி வருத்தம் வரலாம் என்று உடம்பு முன்கூட்டியே காட்டுகிற அடையாளம். மாதவிடாய் ஒழுங்கில்லாத பிள்ளைகளிலும் இதைக் காணலாம். தேய்த்தால் இன்னும் கறுக்கும். நிறை குறைந்தால் தானாக மங்கும்.

வெளுக்கிற கிரீம்களில் இரசம் அகப்படுவது புதிய கதையல்ல. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை ஒழிக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. சிலதில் ஸ்டீரொய்ட். பத்து நாளில் பளபளப்பு, பிறகு தோல் மெலிந்து போகும்.

இப்போது ஸலூன்களில் இரட்டை நாடிக்கு "கொழுப்புக் கரைக்கிற ஊசி"யும் வந்துவிட்டது. டிஒக்சிகோலிக் அசிட் என்பது பித்தத்தில் உள்ள பொருள். 2015இல் அமெரிக்கா அனுமதித்தது. பயிற்சி பெற்ற டொக்டர் போட வேண்டியது, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாத இடைவெளியாவது வேண்டும். நரம்பில் பட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். போட்டதும் வீக்கம் நாட்கணக்கில் நிற்கும். கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னர் போட்டுக்கொண்டு வீங்கிய நாடியோடு மேடையில் இருக்கவா?

(ஃபத்வா கேட்டு கொமென்ட் போடாதீர்கள். அது உலமாக்களின் வேலை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அழகாயிருக்க ஆசைப்படுவதை நான் குறை சொல்லவுமில்லை.)

என் கோபம் பிள்ளைகளில் இல்லை. பெண் பார்க்கப் போய், முக்காடு விலகும்போது கழுத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்கிற மாமிமாரிலும், அந்தப் பயத்தை டப்பாவில் அடைத்து விற்கிறவர்களிலும்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்கக் காசில்லை. அந்த டப்பாவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

அந்த உம்மாவோடு பேசினேன். நாளைக் காலை வெறும் வயிற்றோடு மகளைக் கூட்டிப் போகிறார். டப்பா என் மேசை லாச்சியில் இருக்கிறது. விற்றவர் இதை வாசிப்பார் என்று தெரியும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்துவிட்டு, வந்து எடுத்துப் போகலாம்.